போகாத ஜிம்முக்கு ஒரு பாக்கி

என் சித்தியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் அவளை 'மெதுவா மேடம்' என்றுதான் சொல்வார்கள். வண்டியை நேராக ஓட்டினாலும், திருப்பினாலும், சும்மா நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தாலும்கூட, பக்கத்து இருக்கையிலிருந்து "மெதுவா, மெதுவா" என்று அந்தக் குரல் வந்துகொண்டே இருக்கும். அவள் யாரையும் திட்டிக் கற்றுக்கொடுத்ததில்லை. சுவரில் இடிக்கப் போனவனிடமும் "பரவால்ல, சுவர் எங்கேயும் போகாது, நாம கொஞ்சம் பின்னாடி போவோம்" என்பாள்.

டிரைவிங் ஸ்கூல் கார் என்பதால் அவள் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. இருபது வருஷத்துக்குக் கிட்ட அதன்மேல் காலை வைத்தே உட்கார்ந்தவள். அதனால் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதும் வலது கால் எதையோ மிதித்துக்கொண்டே இருக்கும். தொடரில் ஒரு மாமியார் வாயைத் திறந்தால் சித்தியின் கால் அழுந்தும்.

"யாருக்கு பிரேக் போடற?" என்று சித்தப்பா கேட்பார்.

"அந்தப் பொம்பளைக்குத்தான். எங்க கேக்கறா?"

நான் சில வருஷம் வெளியில் சுற்றிவிட்டு வந்து, அடுத்து எங்கே என்று தெரியாமல், அவர்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தேன். சித்திக்கு நான் ஊர்சுத்தி. "ஊர்சுத்தி எழுந்துட்டாளா?", "ஊர்சுத்தி இன்னும் பையைப் பிரிக்கல பாருங்க" என்று என்னை வைத்துக்கொண்டே சித்தப்பாவிடம் பேசுவாள். எல்லைகளிலும் தூதரகங்களிலும் நான் நிரப்பாத படிவம் இல்லை என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதனால்தான் இந்த விஷயம் என் கைக்கு வந்தது.

டிரைவிங் ஸ்கூல் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சின்ன அறை, தெருவைப் பார்த்து ஒரு தகர போர்டு, சாலைக் குறிகள் அச்சிட்ட ஒரு படம், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் சாவி மாட்ட ஒரு ஆணி, வெளியே ஒரு வெள்ளைக் கார். ஓனருக்கு முட்டி தேய்ந்துபோய், மகள் வீட்டோடு போய் இருந்துவிடுவது என்று முடிவெடுத்திருந்தார். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் சித்தியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"காரு, போர்டு, பர்மிட், வர்ற பசங்க, பூராவும் உனக்கே தர்றேம்மா. பாதி இப்போ குடு. மீதிக்கு பேங்க்ல லோன் போட்டுக்கோ. இன்னொருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. மாசக் கடைசி வரைக்கும் உனக்காக நிறுத்தி வைக்கிறேன்."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே இதைச் சொன்னாள். பாதிப் பணம் அவளிடம் இருந்தது. வேறெதற்கும் தொடாமல் சேர்த்தது. வாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். கேட்டுக்கொண்டிருக்கும் அந்த ஆளுக்கு வேலையில்லாத ஒரு மச்சான் இருந்தான். ஒரு காருக்கு இரண்டு வாத்தியார் வைக்க யாருக்கும் கட்டாது.

"போர்டுல என்ன பேரு போடறது?" என்றாள்.

"மெதுவா டிரைவிங் ஸ்கூல்" என்றார் சித்தப்பா. "லைசென்ஸ் வாங்கறதுக்குள்ள பேரன் பேத்தி எடுத்துடலாம்."

அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்த பெண் சித்தியிடம் கற்றுக்கொண்டவள். எழுந்து நின்று வரவேற்று, தண்ணீர் கொடுத்து, விவரங்களைத் தட்டினாள். பிறகு திரையைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

"மேடம், உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல ஒரு பாக்கி நிக்குது."

"பாக்கியா? நான் மளிகைக் கடையிலகூட அப்புறம் தர்றேன்னு சொன்னது கிடையாதும்மா."

"வசூல் கம்பெனிக்குப் போயிருக்கு. ஒரு ஜிம்மு. மெம்பர்ஷிப் எடுத்துட்டு பாதியில கட்டறத நிறுத்திட்டீங்கன்னு இருக்கு."

சித்தி குனிந்து தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "என்னைப் பாத்தா ஜிம்முக்குப் போற ஆளு மாதிரியா இருக்கு?"

"மாடி ஏறி வந்ததுக்கே உங்களுக்கு மூச்சு வாங்குது மேடம். எனக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியாதே."

பெயரும் பிறந்த தேதியும் சித்தியுடையவைதான். விலாசம் மட்டும், அவள் காலே வைக்காத வேறொரு ஊர். அதே பெயரில், அதே நாளில் பிறந்த யாரோ ஒருத்தி அங்கே இருக்கலாம். இல்லை, எவனோ இவள் விவரத்தை எடுத்துப் போட்டிருக்கலாம். ரிப்போர்ட் தயாரிக்கும் நிறுவனத்துக்கு ஆட்சேபம் எழுதிப் போடுங்கள், நீக்கிவிடுவார்கள், நீக்கியதும் வாருங்கள், கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று அந்தப் பெண் தைரியம் சொல்லி அனுப்பினாள்.

அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் என் லேப்டாப்பைத் திறந்தேன். 'இந்தக் கடன் என்னுடையது அல்ல' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை அழுத்தினேன். ஆதாரத்தை இணைக்கச் சொன்னது.

"போகலங்கறதுக்கு என்ன ரசீது இருக்கும்?" என்றார் சித்தப்பா. அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார்.

வீட்டு வாடகை ஒப்பந்தம், அடையாள அட்டை, அந்த ஜிம்மில் சேர்ந்ததாகச் சொல்லும் நாளில் சித்தி இங்கே வகுப்பு எடுத்தாள் என்று ஓனர் எழுதிக் கொடுத்த ஒரு காகிதம், எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினோம். அனுப்பிவிட்டு சித்தி என் முதுகில் தட்டினாள். "ஊர் சுத்தினதுல ஒரு பிரயோஜனம்."

பதில் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்தது. 'சரிபார்க்கப்பட்டது. பதிவில் உள்ள விவரங்கள் சரியானவை.' நாங்கள் அனுப்பிய காகிதங்களை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ரிப்போர்ட் கம்பெனி, வசூல் கம்பெனியிடம் "இது சரியா?" என்று கேட்டிருக்கிறது. வசூல் கம்பெனி "சரி" என்றிருக்கிறது. அவ்வளவுதான் சரிபார்ப்பு.

வசூல் கம்பெனிக்கே போன் போட்டோம். ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவே வைத்தேன். நெடுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஓர் ஆண் குரல் வந்தது. பெயரும் பிறந்த தேதியும் கேட்டது. சித்தி சொன்னாள்.

"சரியா இருக்கு மேடம். அப்போ அக்கவுன்ட் உங்களோடதுதான்."

"பேரும் தேதியும் என்னோடதுப்பா. ஜிம்முதான் என்னோடது இல்ல. நான் அந்தப் பக்கமே போனதில்ல."

"போகலன்னாலும் மெம்பர்ஷிப் ஓடும் மேடம். நிறைய பேர் சேர்ந்துட்டுப் போறதே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நான் கையெழுத்துப் போட்ட பேப்பரைக் காட்டுங்க."

"அது ஜிம்முகிட்ட இருக்கும்."

"ஜிம்மு நம்பர் குடுங்க."

"அதை மூடிட்டாங்க மேடம். அவங்களுக்கு வர வேண்டிய பாக்கியெல்லாம் நாங்க மொத்தமா வாங்கிட்டோம்."

"அப்போ பேப்பர் யார்கிட்ட இருக்கு?"

"அதான் சொன்னேனே மேடம். ஜிம்முகிட்ட."

போனை வைத்த பிறகு சித்தி சொன்னாள்: "பாவம், அவனுக்கும் ஒண்ணும் தெரியல. எழுதி வச்சதைப் படிக்கிறான்." கோபப்பட ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை என்பதுதான் அவளை அன்று அதிகம் வருத்தியது என்று நினைக்கிறேன்.

மறுபடி வங்கிக்குப் போனோம். கடன் பிரிவுப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னாள். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் காட்டு என்று வசூல் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் எழுத வேண்டும். அந்த நகலோடு ரிப்போர்ட் கம்பெனிக்கு இரண்டாவது ஆட்சேபம் போட வேண்டும். கெடுவுக்குள் வசூல் கம்பெனி ஆதாரம் காட்டாவிட்டால் பதிவை எடுத்தே ஆக வேண்டும்.

"அவங்ககிட்ட பேப்பர் இல்ல மேடம். இருந்தா எப்பவோ காட்டியிருப்பாங்க. அதனால இந்தத் தடவை பதிலே வராது. நீங்க சும்மா இருந்தா போதும். பணம் மட்டும் ஒரு காசுகூடக் கட்டிடாதீங்க. கட்டினா நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

வீட்டுக்கு வந்து, அவள் சொன்னபடி இரண்டையும் எழுதி அனுப்பினோம். சித்தப்பாவிடம், "சும்மா இருந்தா போதுமாம்" என்றோம். பணம் கட்டக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வாங்காத கடனை யார் கட்டப் போகிறார்கள்?

சித்தப்பாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவில் இருக்கிறார். மதிய ஷிப்ட். நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளைச் சுருக்கம் நீக்கி மடிப்பதாலோ என்னவோ, மனுஷர்களுக்கு நடுவில் ஒரு சுருக்கம் தெரிந்தாலும் அவருக்குத் தாங்காது. பக்கத்து வீட்டுக்காரர், உங்கள் குழாய்த் தண்ணீர் என் சுவரில் தெறிக்கிறது என்று சத்தம் போட்டபோது, தெறிக்கவில்லை என்று தெரிந்தும் ஒரு டப்பா பெயின்ட் வாங்கிப்போய் அந்தச் சுவரை அடித்துக் கொடுத்தவர். இவர் சைக்கிளை இடித்துவிட்டுச் சண்டைக்கும் வந்த ஒருவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தவர். 'கொஞ்சம் எதையாவது குடுத்துட்டா ஆளு போயிடுவான், நமக்கும் நிம்மதி' என்பதுதான் அவர் வாழ்க்கை முழுக்கச் செய்த காரியம். 'எண் ஒன்றை அழுத்தவும்' என்று பதிவு செய்த குரல் சொன்னால்கூட "சரிங்க" என்பார்.

சித்தியின் போனை எடுப்பவரும் அவர்தான். கற்றுக்கொள்கிறவர் கையில் வண்டி இருக்கும்போது பக்கத்தில் போன் அடிக்கக் கூடாது என்பது சித்தியின் சட்டம். ஆகவே காலையில் போனைச் சமையலறை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுத்தான் போவாள். பயிற்சிக்கு நேரம் கேட்டுக் கூப்பிடுகிறவர்களிடம் சித்தப்பா பேசி, குறித்து வைப்பார். ஆகவே எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுக்காமல் விட முடியாது. யாராவது புதிதாகச் சேர வருகிறவர்களாக இருக்கலாம்.

கெடு நெருங்க நெருங்க வீடே வேறு மாதிரி ஆனது. வசூல் கம்பெனியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. சித்தி காரைத் தானே கழுவினாள். ஓனர் இரண்டாவது சாவியை எடுத்து முன்கூட்டியே அவள் கையில் கொடுத்தார். "இன்னும் எழுதிக் குடுக்கலையே" என்றதற்கு, "நீதானே வச்சுக்கப்போற, வச்சுக்கோ" என்றாராம். அதை வீட்டில் எங்கே வைப்பது என்று இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

ரிப்போர்ட் கம்பெனியின் பதில் ஒரு விடுமுறை நாளின் முற்பகலில் வந்தது. சித்தப்பா தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சித்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்து நடுவில் நிறுத்திவிட்டேன்.

"என்னடி? படி."

"உங்க கணக்குல ஒரு பகுதித் தொகை வந்திருக்கு. அதனால கடன் உங்களோடதுதான்னு உறுதியாயிடுச்சு. அப்படின்னு எழுதியிருக்காங்க சித்தி."

"யாரு கட்டினது? அந்த ஜிம்முக்காரியா?" அவள் குரலில் சந்தோஷம்கூடத் தெரிந்தது. உண்மையான ஆள் கிடைத்துவிட்டாள் என்று நினைத்துவிட்டாள்.

இஸ்திரிப் பெட்டி நின்றுவிட்டது.

"நான்தான் கட்டினேன்" என்றார் சித்தப்பா.

சட்டை தீயப் போகிறதே என்று நான்தான் எழுந்துபோய்ப் பெட்டியைத் தூக்கி வைத்தேன்.

"போன வாரம் ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. புதுசு போல. குரலே நடுங்குது. 'இன்னிக்கு ஒருத்தர்கூடக் கட்டல சார், கொஞ்சமாவது கட்டுங்க, உங்க ஃபைலை நான் ஓரமா வச்சிடறேன், யாரும் தொந்தரவு பண்ணமாட்டாங்க'ன்னு சொல்லுச்சு. பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு சினிமா டிக்கெட் காசு. உன் லோன் வர்ற நேரத்துல இது குறுக்க நிக்க வேணாம்னு... நல்லபடியா முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

சித்தி கத்தியைக் கீழே வைத்தாள். "ஏங்க, நான் அந்த ஜிம்முக்குப் போனேனா?"

"இல்ல."

"போகலன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்குத் தெரியலையே. அதுக்காகத்தான் குடுத்தேன்."

அவள் கத்துவாள் என்று நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். தலை கொஞ்சம் குனிந்தே இருந்தது. அவள் மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். அதன் பிறகு அன்று யார் கண் கலங்கியிருந்தாலும் எதனால் என்று சொல்ல முடியாது.

ஓடித்தான் பார்த்தோம். வங்கிப் பெண் திரையைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தாள். "முன்னாடியாவது பழைய பாக்கியா இருந்துச்சு. இப்போ இந்த மாசத்துப் பாக்கி மாதிரி நிக்குது மேடம். மேலதிகாரிகிட்ட நான் கேட்டுப் பாத்துட்டேன்." ஆள்மாறாட்டம் என்று போலீசில் புகார் எழுதி, அந்த நகலோடு மூன்றாவது ஆட்சேபம் போடலாம் என்றாள். போலீஸ் நிலையத்தில் இருந்த எழுத்தர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பேனாவைக்கூடத் திறந்துவிட்டார்.

"உங்க பேர்ல யாரோ கடன் வாங்கியிருக்காங்க. சரி. அதை யாரு கட்டினது?"

"எங்க வீட்டுக்காரர்."

பேனாவை மூடினார். "அப்போ யார் மேலம்மா எழுதறது?"

வழியில் ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். மொத்தத்தையும் கட்டித் தொலைத்துவிடலாமா என்று நான் கேட்டேன். கட்டினால் 'கட்டப்பட்டது' என்று போடுவார்கள், ஆனால் பதிவு சில வருஷம் அங்கேயேதான் நிற்கும், லோனுக்கு அது உதவாது என்று வங்கியில் முன்பே சொல்லியிருந்தார்கள். அது சித்திக்கும் நினைவிருந்தது.

"கட்டினா நான் போனேன்னு ஆயிடும். கட்டலன்னா, போயிட்டு ஏமாத்தினேன்னு ஆயிடும்" என்றாள். "போகவே இல்லங்கறதுக்கு உன் கம்ப்யூட்டர்ல ஒரு கட்டம் கிடையாதாடி?"

இருந்தது. அதைத்தான் இரண்டு தடவை அழுத்தியிருந்தேன்.

ஓனர் மாசக் கடைசிக்குப் பிறகும் சில நாள் பொறுத்தார். மகள் தினமும் போன் செய்தாள். ஒருநாள் சித்தியிடம், "நான் என்னம்மா பண்ணட்டும்?" என்று கேட்டார். அவரைத் தப்புச் சொல்ல முடியவில்லை. சித்தி இரண்டாவது சாவியைக் கைக்குட்டையில் துடைத்து அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

புது ஓனர் நல்ல மனுஷர்தான். மச்சானும் நல்ல பையன். அதுவே ஒரு கொடுமை. "அக்கா, மச்சானுக்கு லைசென்ஸ் இருக்கு, சொல்லிக் குடுத்துப் பழக்கமில்ல. ஒரு வாரம் நீங்க கூட இருந்து பழக்கி விடுங்க. அதுக்கப்புறம் லீவு நாள்ல கூட்டம் இருந்தா கண்டிப்பா கூப்பிடறேன்" என்றார். ஒரு வாரத்துக்குச் சம்பளமும் முன்பணமாகவே கொடுத்தார்.

சித்தப்பா அந்த வாரம் முழுக்கச் சித்தியின் சுடிதார்களுக்கும் துப்பட்டாக்களுக்கும் இஸ்திரி போட்டார். போட்டு மடித்து, கட்டிலில் அவள் பக்கத்தில் அடுக்கினார். அவள் எடுத்து உடுத்திக்கொண்டு போனாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, "அந்தப் பொண்ணு மறுபடி கூப்பிட்டாளா?" என்று சித்தி கேட்டாள். "இல்ல, வேற ஆளு" என்றார் அவர். "வேலையை விட்டுட்டாளோ என்னவோ" என்றாள்.

கடைசி நாளன்று என்னையும் வரச் சொன்னாள். மச்சான், வாத்தியார் இருக்கையில் உட்கார்ந்து பழக வேண்டும். கற்றுக்கொள்கிறவர் இடத்தில் யாராவது வேண்டும். அந்த இடத்தில் சித்தியே உட்கார்ந்தாள். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

"ஸ்டார்ட் பண்ணுங்க அக்கா" என்றான் அவன். பிறகு, "கண்ணாடி பாத்தீங்களா?"

"பாத்தேன்."

சந்தை வழியாகப் போனோம். அவள் ஓட்டுவதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தே போனவள். வண்டி தண்ணீரில் போவது போலப் போயிற்று. அந்தப் பையனுக்குச் சொல்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எதிரே கடைசித் தெரு வந்ததும் அவசரமாக, "இங்க திரும்புங்க, திரும்புங்க" என்றான். திரும்பினாள்.

"சரியா சொன்னேனா அக்கா?"

"சரிதான். ஆனா அந்தக் கடைகிட்ட வரும்போதே சொல்லிடணும். புதுசா ஓட்டறவங்களுக்கு யோசிக்க நேரம் வேணும். மறுபடி சுத்தி வர்றேன், சொல்லுங்க."

மறுபடி சுற்றி வந்தோம். இந்தத் தடவை அவன் சீக்கிரமே சொல்லிவிட்டான். இன்னொரு தடவை வந்தோம். அப்போது சரியான இடத்தில் சொன்னான். "இப்போ சரி" என்றாள். அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஸ்கூல் வாசலில் நிறுத்தியதும் இறங்கி, பழைய நினைப்பில் உள்ளே போய், சாவியை மாட்டச் சுவரில் கையை நீட்டினாள். சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஆணியைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, மேசை மேல் வைத்தாள்.